பிரியவிட்டவரின் பொறுப்பு

2016 பிப்ரவரி 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையின் பத்து உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அவர்களில் எட்டுப் பேர் தே.மு.தி.க.வின் முரசு சின்னத்தில் வென்றவர்கள். பேரவைத் தலைவர் தனபால் அந்தக் கடிதங்களை ஏற்றுக்கொண்டதும் அக்கட்சியின் பலம் 20 ஆகக் குறைந்தது. 234 பேர் கொண்ட அவையில் எதிர்க்கட்சித் தகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் வேண்டும். கட்சித் தலைவர் விஜயகாந்த் அன்றோடு எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்றாகிவிட்டது. அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமல் ஓர் ஐந்தாண்டுப் பேரவை முடிவதைப் பற்றிப் பெரிய வருத்தம் எங்கும் எழவில்லை. கட்சி மாறியவர்களைத் துரோகிகள் என்றார்கள், ஆளுங்கட்சியை வேட்டைக்காரர் என்றார்கள். தலைவர்மீது அனுதாபம் வந்தது, கேலியும் வந்தது. ஆனால் அறத்தின் முன் எழும் கேள்வி வேறு. தன் உறுப்பினர்களைச் சேர்த்து வைத்திருக்க முடியாமல் போன தலைவர், வெறும் துரதிர்ஷ்டசாலியா, தவறியவரா? தவறியவர் என்றால், அவர் யாருக்குத் தவறினார்?

கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும். 2006-இல் தனியாக நின்று ஏறத்தாழ எட்டு விழுக்காட்டு வாக்கும் விருத்தாசலம் என்ற ஒரே தொகுதியும் பெற்ற கட்சி, 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41 இடங்களில் போட்டியிட்டு 29-இல் வென்றது. தி.மு.க.வுக்குக் கிடைத்தது 23. நடிகராக இருந்து கட்சி தொடங்கி ஆறே ஆண்டுகளில் ஒருவர் எதிர்க்கட்சித் தலைவரானார். கூட்டணி ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2012 பிப்ரவரி முதல் நாள் பேருந்துக் கட்டணம், பால் விலை உயர்வு பற்றிய விவாதத்தில் அவருக்கும் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும் நேருக்கு நேர் மோதல் வந்தது. அவர் அவையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மதுரை மத்தி, திட்டக்குடி உறுப்பினர்கள் முதலமைச்சரைச் சந்தித்தார்கள். தொகுதிப் பிரச்சினைக்காகச் சந்தித்தோம் என்பதுதான் விளக்கம். அடுத்தடுத்து பேராவூரணி, ராதாபுரம் என்று வரிசை நீண்டு எட்டில் வந்து நின்றது. 2013 ஜூனில் மாநிலங்களவைத் தேர்தல் வந்தபோது கட்சி நிறுத்திய வேட்பாளர் இளங்கோவன் 22 வாக்குகள் பெற்றுத் தோற்றார். 29 கையில் இருந்தும் 22 வந்தது என்பதே உள்ளே நடந்ததைச் சொல்லிவிடும்.

இந்த எட்டுப் பேர் ஆண்டுக்கணக்கில் தே.மு.தி.க. உறுப்பினர்களாகவே அவையில் அமர்ந்து, ஆளுங்கட்சியைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அவர்களை ஏன் தொடவில்லை? அச்சட்டப்படி ஒருவர் தானாகக் கட்சியை விட வேண்டும், அல்லது அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்க வேண்டும். மாநிலங்களவைத் தேர்தலில் மாற்றி வாக்களிப்பது அந்தச் சட்டத்துக்குள் வராது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற பழைய வழி 2003 திருத்தத்தில் அடைக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியில் இணைந்தால் மட்டுமே பாதுகாப்பு. எட்டுப் பேரால் அது முடியாது. ஆகவே விலகாமலும் சேராமலும் நடுவில் இருந்தார்கள். அவர்கள் நடத்தையே கட்சியைத் துறந்ததற்குச் சமம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு உண்டு. அவரோ ஆளுங்கட்சியிலிருந்து வந்தவர். இத்தகைய மனுக்களை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும், பேரவைத் தலைவருக்குப் பதிலாகச் சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்றை நாடாளுமன்றம் எண்ணிப்பார்க்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் மணிப்பூர் வழக்கொன்றில் சொன்னது 2020-இல்தான்.

இதை வைத்துக்கொண்டு தலைவருக்காக வாதாடுவது எளிது, அந்த வாதம் வலுவானதும்கூட. அதிகாரம், காவல்துறை, ஒப்பந்தங்கள், அடுத்த தேர்தலில் இடம் எல்லாம் ஆளும் தரப்பிடம் இருக்கின்றன. எதிர்த் தரப்புத் தலைவரிடம் இருப்பது சொல் மட்டுமே. களவு கொடுத்தவனைக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்பார்கள். பணம் கைமாறியதா என்பது எங்கும் நிரூபிக்கப்படவில்லை, அதைச் சொல்லி யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனால் அந்த எட்டுப் பேரில் ஒருவர் 2016-இல் ஆளுங்கட்சியில் நின்று மீண்டும் வென்று அமைச்சராகவே ஆனார். வாசல் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பது மறைவாக இல்லை. அதே வாசல் மற்றவர்களுக்கும் திறந்துதான் இருந்தது, அவர்களில் பெரும்பாலோர் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போனவரின் குற்றம் போனவருடையதே. வாக்காளரிடம் ஒரு சின்னத்தைக் காட்டி வாங்கியதை அவர்களைக் கேட்காமல் இன்னொருவர் காலடியில் வைத்தவருக்கு எந்தச் சமாதானமும் போதாது. முதல் பிளவு இதோடு முடிந்திருந்தால், தலைவரை வஞ்சிக்கப்பட்டவர் என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம்.

முடியவில்லை. இரண்டாவது பிளவு ஒன்று வந்தது, அதுதான் இந்த வழக்கின் சாட்சி. 2015 பிப்ரவரியில் பேரவையில் நடந்த அமளிக்காகத் தே.மு.தி.க. உறுப்பினர்கள் ஆறு பேர்மீது உரிமைக்குழு நடவடிக்கை பாய்ந்தது. அடுத்த கூட்டத்தொடரிலும் நுழைய முடியாமல், சம்பளமும் சலுகையும் இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தங்களுக்கு எதிரான வீடியோ பதிவை அவர்களிடம் காட்டாமலே தண்டித்தது இயற்கை நீதிக்கு மாறானது என்று 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஈரோடு கிழக்கின் சந்திரகுமார், மேட்டூரின் பார்த்திபன், கும்மிடிப்பூண்டியின் சேகர் ஆகியோர் அந்த ஆறு பேரில் இருந்தவர்கள். ஆசைக்கு இணங்காதவர்கள், அச்சுறுத்தலுக்கும் அசையாதவர்கள். அந்த வெற்றி வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் இதே மூவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

காரணம் கூட்டணி. 2016 மார்ச் 10 அன்று தனித்துப் போட்டி என்று விஜயகாந்த் அறிவித்தார். அதே மாதம் 23-ஆம் தேதி வைகோ, திருமாவளவன், இரு இடதுசாரிக் கட்சிகள் இருந்த மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்தார், முதல்வர் வேட்பாளரானார். மாவட்டச் செயலாளர்களில் பெரும்பாலோர் தி.மு.க.வோடு போகவே விரும்பினார்கள், அவர்களின் சொல் கேட்கப்படவில்லை என்பது கொள்கை பரப்புச் செயலாளராக இருந்த சந்திரகுமாரும் மற்றவர்களும் வெளிப்படையாக வைத்த குற்றச்சாட்டு. ஏப்ரலில் அதைச் சொன்னார்கள், உடனே வெளியேற்றப்பட்டார்கள். எந்தக் கூட்டணி சரி என்ற கேள்வி இங்கே தேவையில்லை. தி.மு.க.வோடு சேர்ந்த அந்த மூவரும் அந்தத் தேர்தலில் தோற்றார்கள். 104 இடங்களில் நின்ற தே.மு.தி.க. ஒன்றிலும் வெல்லவில்லை, உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்தே டெபாசிட் இழந்தார். இரு தரப்பின் கணக்கும் பொய்த்தது. கவனிக்க வேண்டியது வேறு. ஆளுங்கட்சி ஐந்தாண்டு முயன்றும் எடுக்க முடியாதவர்களை, அவர்களின் தலைவரே இரண்டே வாரத்தில் இழந்தார். இங்கே வேட்டைக்காரர் யாரும் இல்லை. இழந்ததற்கான காரணம் கட்சிக்குள்ளேயே இருந்தது.

முதல் பிளவையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2012 அக்டோபரில் முதலில் இருவர் போனார்கள். எட்டாவது ஆள் போவதற்கு முன் மாதக்கணக்கில் காலம் இருந்தது. அந்தக் காலத்தில் விஜயகாந்த் அவைக்கு வருவது அரிதாயிற்று. பேச விடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம், அது பொய்யும் அல்ல. ஆனால் முதல் முறையாகச் சட்டமன்றம் பார்த்த உறுப்பினர்கள் பலர் அங்கே அவமதிப்பின் நடுவே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுடைய தலைவரின் இருக்கை காலியாக இருந்தது. எம்.ஜி.ஆர். காலத்து அனுபவசாலியான பண்ருட்டி ராமச்சந்திரன் 2013 டிசம்பரில் கட்சியையும் ஆலந்தூர் இடத்தையும் விட்டு வெளியேறினார். பண்ருட்டியைப் போன்ற ஒருவரைத் தக்கவைக்க முடியாத ஒரு கட்சியில் இளையவர்கள் எதை நம்பி நிற்பார்கள்?

ஒற்றுமையைக் காப்பது அரசியல் திறமை என்றே பொதுவாக எண்ணுகிறோம். திறமை இல்லாதது குறை, அது குற்றமாகாது. ஆனால் ஓர் எதிர்க்கட்சித் தலைவருக்கு அது கடன். அந்தக் கடனை அவர் தன் உறுப்பினர்களுக்குப் பட்டிருக்கவில்லை, அவர்களுக்கு வாக்களித்தவர்களுக்குப் பட்டிருக்கிறார். ஆளும் கட்சி உடைந்தாலும் அலுவலகங்கள் இயங்கும், கோப்புகள் நகரும். எதிர்க்கட்சி உடைந்தால் சிலருடைய குரல் அப்படியே நின்றுவிடும். எடுத்துக்காட்டுக்குக் கேரளத்தைப் பார்க்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா பஞ்சாயத்தில் போணக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கொண்டுவரப்பட்ட இடம். தோட்டம் நொடித்து, சம்பளமும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகி, லயங்களின் கூரை ஒழுகும்போது, அந்த மனிதர்களிடம் வேறு எந்தப் பலமும் இல்லை. சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து கேட்பதும், அவருக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் சேர்ந்து எழுவதும்தான் பலம். தனியாக ஒருவர் கேட்டால் அமைச்சர் பதில் ஒன்றைப் படித்துவிட்டு அமர்ந்துவிடலாம். ஒரு கட்சியே வெளிநடப்புச் செய்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். ஒற்றுமை அவர்களுக்காகச் சேர்த்து வைத்த சொத்து. அதைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் காக்கத் தவறினால், இழப்பு அவருடைய பதவியோடு நின்றுவிடுவதில்லை.

கேரளத்துக்கு இது பழைய பாடம். 1964-இல் ஆர்.சங்கர் தலைமையிலான காங்கிரஸ் அரசின் உள்துறை அமைச்சராக இருந்த பி.டி.சாக்கோ பதவி விலக நேர்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார். அவர் நடத்தப்பட்ட விதத்தில் மனம் கசந்த 15 காங்கிரஸ் உறுப்பினர்கள் கே.எம்.ஜார்ஜ் தலைமையில் திரண்டு, செப்டம்பர் 8 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்துத் தங்கள் கட்சி அரசையே வீழ்த்தினார்கள். அப்போது கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை, அவர்களும் ஒளிந்து செய்யவில்லை. 1965-இல் நடந்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு நாளும் கூடாமலே அவை கலைந்தது. 1967 மார்ச் வரை, இரண்டரை ஆண்டுக்காலம் கேரளத்தில் மக்கள் பிரதிநிதிகளின் அவையே இல்லை. 133 இடங்கள் கொண்ட அடுத்த அவையில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 9. சங்கர் ஆளும் தரப்பில் இருந்தவர் என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் விலை கொடுத்தது யார் என்பதில் வேறுபாடு இல்லை. ஒரு சகாவின் மனக்கசப்பைக் கட்சிக்குள் தீர்க்க முடியாமல் போனதற்கு மாநிலம் முழுவதும் தன் குரலை இழந்தது.

இனி மறுப்புகள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்குச் சொந்தம், தலைவருக்கு அல்ல. சாலைக்கும் குடிநீருக்கும் முதலமைச்சரைப் பார்ப்பது தவறா என்பார்கள். பார்ப்பது தவறே இல்லை. எதிர்க்கட்சித் தொகுதி என்பதற்காகச் சாலையைத் தடுத்து வைப்பதுதான் முதல் தவறு, அதைச் செய்யும் அரசு மக்களையே பிணைக்கைதிகளாக்குகிறது. ஆனால் தொகுதியின் பேரைச் சொல்பவர் தொகுதியிடம் திரும்பிப் போக வேண்டும். பண்ருட்டி ராமச்சந்திரன் விலகியபோது இடத்தையும் விட்டார், ஆலந்தூரில் 2014-இல் இடைத்தேர்தல் வந்தது, மக்கள் கேட்கப்பட்டார்கள். மற்ற எட்டுப் பேர் ஆயுள் முடியும் தறுவாயில்தான் கடிதம் கொடுத்தார்கள். எதிர்க்கட்சியில் இருந்தால் தொகுதி வாடிவிடும் என்பதும் உண்மையல்ல. வித்துரா அடங்கிய ஆர்யநாடு தொகுதியில் காங்கிரஸின் ஜி.கார்த்திகேயன் 1991 முதல் தொடர்ந்து வென்றார். தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2011-இல் அருவிக்கரையிலும் வென்றார். அந்தக் காலத்தில் இரண்டு முறை, மொத்தம் பத்தாண்டு, அவர் கட்சி எதிர் வரிசையில் இருந்தது. மக்கள் அவரைக் கைவிடவில்லை. அதிலும் அவர் ஆமாம் சாமி அல்லர். ரமேஷ் சென்னித்தலாவோடும் ஷானவாஸோடும் சேர்ந்து மூத்த தலைவர் கருணாகரனின் தலைமையைக் கட்சிக்குள்ளிருந்தே எதிர்த்த திருத்தல்வாதிகளில் ஒருவர். 2005-இல் கருணாகரனே கட்சியை உடைத்துக்கொண்டு போனபோது கார்த்திகேயன் இருந்த இடத்தில் இருந்தார். எதிர்ப்பவருக்கு உள்ளே இடமிருந்தால் அவர் வெளியே போகத் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. மக்கள் வாக்களித்தது விஜயகாந்தின் முகத்துக்கு. வென்ற 29 பேரில் பலரை வாக்காளருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. அப்படியிருக்க அவர்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் கட்சி நடக்குமா? முதல் பாதி உண்மை. ஆனால் அது கடனைக் குறைக்காமல் கூட்டுகிறது. தன் முகத்தை நம்பி வாக்களிக்கச் சொல்லி ஒருவரை நிறுத்தியவர், அந்த ஒருவருக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறார். யாரை நிறுத்தினோம், நிறுத்தியபின் அவரை எப்படி நடத்தினோம் என்ற இரண்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல. 2021-இல் கேரளத்தில் காங்கிரஸ் தொடர்ந்து இரண்டாவது முறை தோற்றபின், புதிய எதிர்க்கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க மல்லிகார்ஜுன கார்கேயும் வைத்திலிங்கமும் திருவனந்தபுரத்துக்கு வந்து சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் கருத்தையும் தனித்தனியே கேட்டார்கள். மூத்த தலைவர்கள் விரும்பிய சென்னித்தலாவுக்குப் பதில் வி.டி.சதீசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது, யாருக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை வெளியிடப்படவுமில்லை. அதைக் குறை சொல்ல இடமுண்டு. இருந்தும் பதவியை இழந்த சென்னித்தலா கட்சியை விட்டுப் போகவில்லை. பிரிட்டனில் 2016 ஜூனில் லேபர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தலைவர் கோர்பின்மீது நம்பிக்கையில்லை என்று 172-க்கு 40 என வாக்களித்தார்கள். கட்சியின் சாதாரண உறுப்பினர்களோ செப்டம்பரில் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் அமைதி வரவில்லை. ஆனால் சண்டையின் அளவு எல்லோருக்கும் தெரிந்தது, மறுப்பைச் சொல்ல ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. நம் கட்சிகளில் அது இல்லை. மறுப்பு முணுமுணுப்பாகத் தொடங்குகிறது, பேட்டியாகிறது, நீக்கத்தில் முடிகிறது.

நீக்கம் உறுதியான தலைமையின் அடையாளம் என்று வாதிடுபவர்களுக்கு அ.தி.மு.க.வின் அண்மைக் கதை இருக்கிறது. 2021-இல் 66 இடங்களோடு எதிர் வரிசைக்கு வந்த கட்சி அது. 2022 ஜூலை 11 அன்று வானகரம் பொதுக்குழுவில் இரட்டைத் தலைமையில் ஒருவரான ஓ.பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். 2025 செப்டம்பரில், பிரிந்தவர்களை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்ன செங்கோட்டையனின் பொறுப்புகள் மறுநாளே பறிக்கப்பட்டன; அக்டோபர் இறுதியில் அவரும் நீக்கப்பட்டார், அடுத்த மாதமே நடிகர் விஜயின் கட்சிக்குப் போனார். கோபிசெட்டிபாளையத்தில் எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பலமுறை வென்றவர் அவர். அவர்களை நீக்கிய எடப்பாடி பழனிசாமிக்கு ஒரு நியாயம் உண்டு: இரட்டைத் தலைமை கட்சியை முடக்கியிருந்தது, ஒரு முடிவு வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பொதுக்குழுவின் பெரும்பான்மை ஏற்கவும் செய்தது. ஆனால் பெரும்பான்மை தன் பக்கம் இருக்கும் தலைவருக்குத்தான் சிறுபான்மையை உட்கார வைத்துப் பேசும் பலமும் இருக்கிறது. பலவீனமானவர் அஞ்சி நீக்கினால் இரங்கலாம். பலமுள்ளவர் நீக்கும்போது அவர் செலவழிப்பது வாக்காளர் கொடுத்த எண்ணிக்கையை.

விஜயகாந்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்லவை நிறைய உண்டு. பசித்தவருக்குச் சோறு போட்டவர் என்று ஊரே சொல்லும். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது சென்னைத் தெருக்களில் கூடிய கூட்டம் கட்சிக் கூட்டம் அல்ல. கடைசி ஆண்டுகளில் உடலும் அவரைக் கைவிட்டது. தனிமனிதனின் பெருந்தன்மையை அவரிடம் குறை சொல்ல முடியாது, அது இந்தக் கேள்விக்குப் பதிலும் ஆகாது. தனிப்பட்ட கருணையாளர் ஒருவர் தன் சட்டமன்றக் கட்சியின் பேச்சைக் கேட்காதவராகவும் இருக்க முடியும். குற்றத்தைப் பங்கிட்டால் பெரும்பங்கு விலை வைத்தவர்களுக்கும் விலைக்குப் போனவர்களுக்கும்தான், பேரவைத் தலைவர் இருக்கையின் மௌனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதன்பின் தலைவருக்கு மிஞ்சுவது சிறிய பங்கு. ஆனால் மற்றவர்களின் பங்கைச் சட்டமும் தீர்ப்பாயமும் ஒருநாள் தொடலாம், இந்தச் சிறிய பங்கைத் தொடும் சட்டம் எதுவும் வரப்போவதில்லை. அதைச் சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தை மாதம் ஒருமுறை கூட்டும் தலைவர்தான் தீர்க்க வேண்டும். கூட்டணி பேசுவதற்கு முன் உறுப்பினர்களின் வாக்கை ரகசியமாக எடுத்து, அதற்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் தலைவர்தான் தீர்க்க வேண்டும். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் பத்து விழுக்காட்டைத் தொட்ட கட்சி 2016-இல் இரண்டரை விழுக்காட்டுக்கும் கீழே போனது. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே ஓர் இடம் தேடி வந்த பல லட்சம் மனிதர்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.